கரியமில வாயுவுக்கு ஒரு சாவி

குழாயில் ஊதிச் சுண்ணாம்பு நீரைப் பாலாக்கிய ஆய்வக நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கரியமில வாயுவையே பேட்டரிக்குள் விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். எடுப்பது பெரிய காரியமில்லை. திரும்பச் சார்ஜ் ஏற்றுவதுதான் ஆளைத் திணறடிக்கிறது.

மின்வேதியியல் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. நத்தம் வழியாகப் பஸ் ஏறினால் காரைக்குடி. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஆனால் நான் சொல்ல வந்த பேட்டரி பிறந்தது கடல் கடந்து.

2011-இல் ஜப்பானில் டொயோட்டா ஆய்வாளர்கள் லித்தியம்–காற்று பேட்டரியில் ஆக்சிஜனோடு கரியமில வாயுவையும் கலந்து பார்த்தார்கள், கொள்ளளவு கூடியது. 2013-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆர்ச்சர் குழு தனிக் கரியமில வாயுவிலேயே ஓட்டியது. அடுத்த ஆண்டே சீனாவில் திரும்பச் சார்ஜ் ஏற்றிக் காட்டினார்கள்.

சங்கடம் இதுதான். மின்சாரம் எடுக்கும்போது நான்கு லித்தியமும் மூன்று கரியமில வாயு மூலக்கூறும் சேர்ந்து இரண்டு லித்தியம் கார்பனேட்டும் ஒரு கார்பனும் ஆகின்றன. கார்பனேட்டில் மின்சாரம் பாயாது. மின்முனையின் துளைகளை அடைத்துக்கொண்டு, துருப்பிடித்த பூட்டு மாதிரி இறுகிவிடும். ஏறக்குறைய 2.8 வோல்ட் தர வேண்டிய கலத்தை வினையூக்கி இல்லாமல் சார்ஜ் செய்யப் போனால் 4 வோல்ட்டுக்கும் மேலே தள்ள வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தத்தில் மின்பகுளியே சிதைய ஆரம்பித்துவிடும்.

அழுத்தத்தைக் குறைத்தால் போதுமே என்று தோன்றும். போதாது! கார்பனேட் மட்டும் தனியாகச் சிதைந்தால் கார்பன் பின்னால் குவிந்துகொண்டே போகும். மீட்டர் என்னவோ சார்ஜ் ஆனதாகத்தான் காட்டும். கார்பனேட்டையும் கார்பனையும் சேர்த்து வினைபுரிய வைப்பதே வினையூக்கியின் வேலை. வெளிவரும் வாயுவை அளந்தால் குட்டு உடையும்: நான்கு எலெக்ட்ரானுக்கு மூன்று மூலக்கூறு வந்தால் நிஜமான மீள்வினை, இரண்டே வந்தால் வேறு கதை. எத்தனை சுற்று ஓடியது என்று முழங்கும் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது இந்தக் கணக்கைத்தான்.

ருத்தேனியம் இதில் நன்றாக வேலை செய்கிறது. விலைதான் கண்ணைக் கட்டும். 2019-இல் சிகாகோவின் இல்லினாய் பல்கலைக்கழகக் குழு மாலிப்டினம் டைசல்பைடு நுண்தகடுகளை வைத்து, மின்பகுளியையும் அதற்கேற்ப அமைத்து, 500 சுற்றுகள் ஓட்டியது.

ஒரு விஷயத்தை மாணவத் தம்பி தங்கைகளிடம் ஒளிக்கக் கூடாது. நிஜமாகவே மீளும் பேட்டரி, சார்ஜ் ஏறும்போது உள்வாங்கிய வாயு முழுவதையும் திருப்பிக் கக்கிவிடும். ஆகவே, புகையை விழுங்கிப் பூமியைக் காக்கும் பேட்டரி என்று விளம்பரம் செய்வது சரியில்லை. வளிமண்டலத்தில் 95 சதவீதம் கரியமில வாயுவாகவே உள்ள செவ்வாய்க் கிரகம் வேறு. அங்கே வாயுவைச் சுமந்து போகவே வேண்டாம். ஐதராபாத் ஐ.ஐ.டி.யில் செவ்வாய்க் காற்றைப் போல் வாயுக் கலவை தயாரித்து, அதில் இந்தப் பேட்டரியை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.