அடைபட்ட வலைப்பக்கங்கள்

2006 ஜூலை நடுவில் சில நாட்கள் இந்தியாவில் பலருக்கு பிளாக்ஸ்பாட் பக்கங்கள் திறக்கவே இல்லை. தமிழில் வலைப்பூக்கள் மளமளவென்று பெருகிக்கொண்டிருந்த காலம் அது. தமிழ்மணம் திரட்டியில் பதிவின் தலைப்பு தெரியும். சொடுக்கினால் பக்கம் வராது. நம் ஊர் பிரவுசிங் சென்டரில் கேட்டால், "சர்வர் டவுன் சார், சாயங்காலம் வாங்க" என்றார்கள். சாயங்காலம் போனாலும் அதே வெள்ளைத் திரைதான்.

நடந்தது இதுதான். ஜூலை 11-ஆம் தேதி மும்பை புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. இரண்டு நாள் கழித்து மத்திய தொலைத்தொடர்புத் துறை, இணைய சேவை நிறுவனங்களுக்கு 17 முகவரிகள் கொண்ட ஒரு பட்டியலை அனுப்பி, அவற்றை அடைக்கச் சொன்னது. அந்தப் பட்டியலில் சில வலைப்பூக்களும் இருந்தன. ஆயிரக்கணக்கான வலைப்பூக்கள் ஒரே நிறுவனத்தின் சில சர்வர்களில் குடியிருப்பவை. ஒன்றை மட்டும் பிரித்து அடைக்கப் பல நிறுவனங்களுக்கு வசதி இல்லை, அல்லது அந்த மெனக்கெடலுக்கு மனமில்லை. மொத்தமாக பிளாக்ஸ்பாட், டைப்பேட், ஜியோசிட்டீஸ் என்று இழுத்து மூடிவிட்டார்கள். தேரடியில் ஒரு வீட்டு வாசலை அடைக்கச் சொன்னால், நான்கு ரத வீதிகளையும் தட்டி வைத்து மறித்தது போல!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஆண்டு சில மாதங்களுக்கு முன்பு, டென்மார்க் கார்ட்டூன் விவகாரத்தில் பாகிஸ்தானிலும் பிளாக்ஸ்பாட்டை அடைத்திருந்தார்கள். அங்குள்ள பதிவர்கள் சுற்றுவழியாகப் படிப்பதற்கு பிகேபிளாக்ஸ் என்று ஒரு தளம் அமைத்திருந்தார்கள். நம்மவர்களும் அந்த வழியாகத்தான் தங்கள் பதிவுகளைத் தாங்களே படித்தார்கள். எல்லையில் என்ன தகராறு இருந்தாலும் பக்கத்து வீட்டு ஏணி உதவத்தான் செய்தது.

எதிர்ப்பு வலுத்ததும், சொன்ன முகவரிகளை மட்டும் அடைத்தால் போதும் என்று அரசு விளக்கம் அனுப்பியது. பக்கங்கள் திரும்பி வந்தன.

இது முதல் முறை அல்ல. 2003 செப்டம்பரில் யாஹூ குழுமங்களுக்கும் இதே கதி வந்தது. மேகாலயாவைச் சேர்ந்த ஒரு தீவிரவாத அமைப்போடு தொடர்புடையது என்று 'கின்ஹுன்' என்ற ஒரு சிறிய குழுமத்தை அடைக்கச் சொன்னார்கள். போன வேகத்தில் யாஹூ குழுமங்கள் அத்தனையும் அடைபட்டன. ராயர் காப்பி கிளப், மரத்தடி, அகத்தியர் என்று தமிழர்கள் திண்ணை போட்டு உட்கார்ந்து பேசியது யாஹூ குழுமங்களில்தான். மேகாலயா எங்கே, மரத்தடி எங்கே?

பிறகு 2012. இந்தமுறை வந்தது நம் சென்னையிலிருந்து. '3' படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆணை பெற்றார்கள். திருடன் யார் என்று பெயர் தெரியாததால், பெயர் தெரியாத எதிரிகள் மீதான ஆணை. அதை வைத்துக்கொண்டு மே மாதத்தில் சேவை நிறுவனங்கள் சில, விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுசாகவே மூடின. தான் எடுத்த குடும்ப வீடியோவை விமியோவில் போட்டு வைத்திருந்தவன் என்ன பாவம் செய்தான்? ஜூன் மாதம் நீதிமன்றமே, குறிப்பிட்ட முகவரிகளைத்தான் அடைக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல என்று தெளிவுபடுத்தியது. 'கொலவெறி' பாட்டு யூடியூபில் இலவசமாக ஓடித்தான் அந்தப் படமே உலகத்துக்குத் தெரிந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இன்று அரசு தளங்களை அடைப்பது பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ். அது 2009-இல் நடைமுறைக்கு வந்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை நீக்கியபோதும் 69ஏ தப்பித்தது. பயங்கரவாதம், கலவரம் என்று வரும்போது அடைக்கிற அதிகாரமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் விதிகளின்படி புகார்களும் நடவடிக்கைகளும் ரகசியமாக வைக்கப்பட வேண்டும். எது அடைபட்டது, ஏன் அடைபட்டது என்று உங்களுக்கும் எனக்கும் தெரிய வழியில்லை. எனக்கு உறுத்துவது பூட்டு அல்ல, கண்ணில் படாத அந்தப் பட்டியல்தான்.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நாமே அடைப்பது வேறு கதை. அதற்கான கருவி இவை எல்லாவற்றையும்விடப் பழையது. 1970-களில் இணையத்தின் முன்னோடி வலையில் இருந்த கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் அடங்கின. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வலையில் சேர வேண்டுமென்றால் அவர்களிடம் சொல்லித்தான் பெயர் சேர்க்க வேண்டும். ஊர் சிறியதாக இருந்தபோது தபால்காரர் எல்லோரையும் அறிந்திருந்தது போல. வலை பெருத்ததும் அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் முறை வந்தது.

அந்தப் பழைய கோப்பு மட்டும் சாகவில்லை. இன்றும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு மூலையில் கிடக்கிறது. வெளியே விசாரிப்பதற்கு முன் கம்ப்யூட்டர் இதைத்தான் பார்க்கும். வேண்டாத ஒரு தளத்தின் பெயரை எழுதி, எதிரே 127.0.0.1 என்று போட்டால் போதும். அது அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த எண். தளத்தைத் தேடிப் புறப்பட்ட பிரவுசர், சொந்த வீட்டையே சுற்றி வந்து வெறுங்கையோடு நிற்கும். வழி காட்ட எழுதிய ஏட்டை வழி மறிக்கப் பயன்படுத்துகிற இந்த யோசனை யாருக்கு முதலில் வந்ததோ, கெட்டிக்காரர்தான். நோட்பேடில் திறந்தால் பட்டியல் முழுவதும் வரிவரியாகத் தெரியும். பேரன் கேட்டால் காட்டலாம். வேண்டாமென்றால் ஒரு வரியை அழிக்கலாம்.

பிரவுசருக்குள்ளேயே அடைக்கும் நீட்சிகள் பிறகு வந்தன. எனக்குப் பிடித்தது லீச்பிளாக். ஃபயர்பாக்ஸுக்கென்று ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் எழுதியது. இப்போது குரோமிலும் உண்டு. லீச் என்றால் அட்டை. மழைக்காலத்தில் செண்பகத்தோப்புப் பக்கம் நடந்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. கடிப்பது தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் ரத்தம். எந்தத் தளம், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அல்லது மணிக்கு எத்தனை நிமிடம் என்று நாமே வகுத்துக்கொள்ளலாம்.

மனசு மாறி நாமே பூட்டைத் திறக்க முயல்வோம் என்பதும் அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. விரும்பினால், அமைப்பை மாற்றும் முன் தாறுமாறான எழுத்துகள் கொண்ட ஒரு நீளக் குறியீட்டைத் தட்டச் சொல்லும்படி வைக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்த்து, ஒவ்வொன்றாகத் தட்டி முடிப்பதற்குள், எந்த ஸ்கோரைப் பார்க்க அவசரப்பட்டோமோ அந்த மேட்சே முடிந்திருக்கும்.