சாட்டர்டனின் சாவும் மெரிடித்தின் முகமும்

விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்தில் (1837–1901) இங்கிலாந்தில் கதை சொல்லும் ஓவியங்களுக்குப் பெருமதிப்பு இருந்தது. நூலிற் படித்த நிகழ்ச்சியும் நாடக மேடையிற் கண்ட காட்சியும் ஓவியங்களாயின. பார்ப்போர் அவற்றை நூலைப் போலவே படித்து மகிழ்ந்தனர். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது, ஹென்றி வாலிஸ் என்பார் 1856-ஆம் ஆண்டு இலண்டன் அரச கலைக்கழகத்தில் காட்சிக்கு வைத்த ‘சாட்டர்டன்’ என்னும் ஓவியமாகும்.

தாமஸ் சாட்டர்டன் 1752-இல் பிரிஸ்டல் நகரிற் பிறந்தவர். இளமையிலேயே கவி பாடும் ஆற்றல் வாய்ந்தவர். ஆயினும் தம் பாடல்களைத் தம்முடையவை என்று சொல்லாமல், பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரௌலி என்னும் பாதிரியார் பாடியவை என உலகை நம்பவைக்க முயன்றார். அந்த ரௌலி அவருடைய கற்பனையே. 1770-இல் எழுத்தை நம்பி இலண்டன் சென்றார், வறுமையே எஞ்சியது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், பதினெட்டு வயது நிரம்பு முன்னரே, நஞ்சினால் உயிர் நீத்தார். தற்கொலை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. பிணிக்கு உண்ட மருந்தே நஞ்சாயிற்றோ என ஐயுறும் ஆய்வாளரும் உளர்.

வாலிஸின் ஓவியத்தில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. சிறிய மாடியறை, குறுகிய கட்டிலில் இளைஞர் உயிரற்றுக் கிடக்கிறார். ஒரு கை தரையை நோக்கித் தொங்குகிறது. அருகே நஞ்சுக் குப்பி. கிழித்தெறிந்த கையெழுத்துத் தாள்கள். பலகணிக்கு அப்பால் விடியலொளியில் தூய பவுல் பேராலயத்தின் குவிமாடம் தோன்றுகிறது.

ஆனால் அந்த முகம் யாருடையது? சாட்டர்டனைப் பார்த்து எழுதிய நம்பத்தக்க உருவப்படம் எதுவும் கிடைத்திலது. எனவே வாலிஸ், தம் நண்பரும் இளம் எழுத்தாளருமான ஜார்ஜ் மெரிடித்தைக் கட்டிலிற் கிடக்கச் செய்து எழுதினார். பாட்டுக்குப் பிறர் பெயரைச் சூட்டியவருக்குப் பிறர் முகமே நினைவுச் சின்னமாயிற்று!

கதை அத்துடன் முடியவில்லை. 1858-இல் மெரிடித்தின் மனைவியார் மேரி எல்லன் கணவரை நீங்கி அதே வாலிஸுடன் சென்றார், 1861-இல் மறைந்தார். முறிந்த இல்வாழ்வின் துயரை மெரிடித் 1862-இல் ‘தற்காலக் காதல்’ என்னும் பொருளுடைய தலைப்பில் பாடல்தொடராக வெளியிட்டார். பிணமாக நடித்த அவர் 81 வயது வரை வாழ்ந்து, புகழ்மிக்க நாவலாசிரியராக 1909-இல் மறைந்தார்.

இன்று அவ்வோவியம் இலண்டன் டேட் கலைக்கூடத்தில் உள்ளது. மாணவர்க்கு இதனைக் காட்டும் ஆசிரியர், ‘இவர்தாம் சாட்டர்டன்’ என்று கூறிவிடலாகாது. 1770-இல் நிகழ்ந்த சாவுக்கு இப்படம் சான்றன்று. ஏழைக் கவிஞனின் முடிவைப் பிற்காலத்தார் எப்படிக் காண விரும்பினர் என்பதற்கே இது சான்று. வாழ்ந்தபோது அவருக்கு ஆதரவு தாராத நகரம், 86 ஆண்டு கழித்து அவர் சாவின் படத்தைக் காணத் திரண்டது. வரலாறு கற்பிப்போர் மாணவர்க்கு உணர்த்த வேண்டியது இதுவேயாம்.