பருவக்காற்றும் பகடையும்

போரை வரைபடத்தின்மேல் நடத்திப் பார்க்கும் விளையாட்டைப் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் செப்பனிட்டு வெளியிட்டார். தற்செயலுக்கு இடமளிக்கப் பகடை உருட்டுவர். இவ்வகை விளையாட்டில் குளிர்காலம் என்றால் நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பே நினைவுக்கு வரும்: சுற்றுக்குச் சுற்று பனி வீரரைக் குறைக்கும் என்பது விதி.

சோழமண்டலக் கரைக்கு அவ்விதி பொருந்தாது. இங்கே பனியில்லை; வடகிழக்குப் பருவக்காற்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராயபுரத்தை அடுத்துத் துறைமுகம் எழும்வரை, சென்னைக் கடலில் கப்பலுக்குப் புகலிடம் இல்லை. ஆகவே அக்டோபரில் போர்க்கப்பல்கள் கரையை விட்டு அகலுவது வழக்கம். 1746 செப்டம்பர் 21-இல் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, மீட்புத்தொகை குறித்துப் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயுடன் பிணங்கித் தாமதித்தார். அக்டோபர் 13 இரவு வீசிய புயலில் அவருடைய கப்பல்கள் பல அழிந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

1758 டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது இரு தரப்புக் கப்பற்படைகளும் இக்கரையில் இல்லை. பிரெஞ்சுக் கப்பல்கள் மொரீஷியஸுக்கும், ஆங்கிலேயருடையவை பம்பாய்க்கும் சென்றிருந்தன. 1759 பிப்ரவரி 16-இல் ஆங்கிலக் கப்பல்களே முதலில் வந்தன; மறுநாள் முற்றுகை கலைந்தது.

எனவே இக்கரைப் போரை ஆடுவோர்க்கு வேறு விதி வேண்டும். புயலின் நாளைப் பகடை சொல்லட்டும். தங்குவதா, அகலுவதா என்பதை ஆடுபவரே முடிவு செய்யட்டும். பருவம் எவரையும் ஏமாற்றவில்லை; தலைவர்களின் பிணக்கே மாலுமிகளை அங்கு நிறுத்திவைத்தது. பலகையில் மூழ்கிய கப்பலை அடுத்த ஆட்டத்தில் எடுத்து வைக்கலாம். அவ்விரவில் மூழ்கியோர்க்கு அடுத்த ஆட்டம் ஏது?