உயர்கல்வி உதவித்தொகை: கொடை உரிமையான வரலாறு

ஒரு சமுதாயம் எழுத்தறிவு பெறுவது ஒரு கட்டம். அதன் மக்கள் பட்ட மேற்படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றுப் பிறர்க்குக் கற்பிக்கும் நிலையை எய்துவது மற்றொரு கட்டம். முன்னதற்கு அருகில் ஒரு பள்ளியும், அதனுள் நுழையும் உரிமையும் வேண்டும். பின்னதற்கு அவை மட்டும் போதா. உழைத்துப் பொருளீட்டும் வயதை அடைந்த மகனையோ மகளையோ, கூலி வருவாயை இழந்து மேலும் சில ஆண்டுகள் படிக்க வைக்கும் வலிமை நிலமற்ற குடும்பத்திற்கு இல்லை. அவ்வலிமையைத் தருவது உதவித்தொகையே. ஆதலின் நம் கல்வி வரலாற்றை அறிய விழையும் இளந்தலைமுறையினர் உதவித்தொகையின் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

தோற்றுவாய்

சென்னை மாகாணத்தில் இதன் தொடக்கம் ஆசிரியப் பயிற்சியிலேயே அமைந்தது கருதத்தக்கது. அந்நாளில் பஞ்சமர் எனப்பட்ட நம் முன்னோரின் கல்வி குறித்து 1893இல் சென்னை அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சேரிப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கியதோடு, ஆசிரியப் பயிற்சி பெறும் பஞ்சம மாணவர்க்குத் தனி உதவித்தொகைக்கும் அவ்வாணை வழி செய்தது. பிற வகுப்பு ஆசிரியர்கள் சேரிக்குள் வந்து கற்பிக்கத் தயங்கிய காலம் அது. நம்மவரே ஆசிரியராதல் வேண்டும். ஆசிரியராவதற்குப் பயிற்சிக் காலத்தில் உணவுக்கு வழி வேண்டும். இவ்வெளிய உண்மையை அரசு அன்றே ஏற்றது. எனினும் இவ்வுதவி தொடக்கப் பள்ளி ஆசிரியர் அளவிலேயே நின்றது. பல்கலைக்கழகத்தின் வாயில் நெடுந்தொலைவில் இருந்தது.

அரசரின் கொடை

அவ்வாயிலைக் கடந்த டாக்டர் அம்பேத்கரின் வாழ்வே, கொடையின் பெருமைக்கும் அதன் எல்லைக்கும் தக்க சான்று. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் பயின்றபோது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் மாதம் 25 ரூபாய் வழங்கினார். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியபோது மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்தார். படித்து முடித்தபின் பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது உடன்படிக்கை.

கொலம்பியாவில் முதுகலைப் பட்டம் பெற்று இலண்டன் சென்ற அவருக்கு, படிப்பு முடியுமுன் பணம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். உடன்படிக்கைப்படி பரோடா சென்றவருக்குத் தீண்டாமையின் காரணமாகத் தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. சில நாட்களிலேயே அந்நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர், தாம் ஈட்டிச் சேமித்த பொருளும், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் உதவியும், பார்சி நண்பர் ஒருவர் தந்த கடனும் கொண்டே 1920இல் இலண்டன் திரும்பிப் படிப்பை நிறைவு செய்தார். மாமேதைக்கே இந்நிலை எனின், பிறர் நிலை கூறவும் வேண்டுமோ! ஒரு மன்னரின் நல்லுள்ளம் ஒருவரை உயர்த்தும். ஒரு சமுதாயத்தை உயர்த்த அதற்கு இயலாது.

அரசின் திட்டம்

இதனை நன்குணர்ந்த டாக்டர் அம்பேத்கர், 1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினரானார். அவ்வாண்டிலேயே வைசிராய் லின்லித்கோ பிரபுவிடம் ஷெட்யூல்டு வகுப்பினரின் குறைகளைத் தொகுத்து ஒரு விண்ணப்பம் அளித்தார். உயர்கல்விக்கு மத்திய அரசே நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் தலையாய கோரிக்கைகளுள் ஒன்று. அதன் பயனாக ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் மெட்ரிக் படிப்பிற்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. விடுதலைக்குப் பின் பழங்குடியினர்க்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. 1954-55இல் வெளிநாட்டு உயர்கல்விக்கான தேசிய உதவித்தொகை வந்தது. 2005-06இல் எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வாளர்க்கென ராஜீவ் காந்தி தேசிய ஆய்வு உதவித்தொகை ஏற்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,333 ஷெட்யூல்டு வகுப்பு மாணவர் அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடர் ஆகியோரின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்க வழி செய்தது.

தொகையும் காலமும்

திட்டம் இருத்தல் வேறு. அது மாணவன் கையில் சேர்தல் வேறு. மத்தியத் திட்டத்தில் நெடுங்காலம் ஒரு விதி நிலவியது. ஒவ்வோர் ஐந்தாண்டுத் திட்டத்தின் இறுதியிலும் எட்டப்பட்ட செலவினை அதன்பின் மாநிலமே சுமக்க வேண்டும். அதற்கு மேற்பட்டதையே மத்திய அரசு தரும். 2017இல் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தபின் மாநிலங்களின் சுமை பெருகி, நிலுவைகள் குவிந்தன. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதனை மாற்றி, 60 விழுக்காடு மத்திய அரசும் 40 விழுக்காடு மாநில அரசும் ஏற்கும் முறையைக் கொணர்ந்தது.

தொகையின் அளவும் எண்ணத்தக்கது. 2010இல் திருத்தப்பட்ட வீதப்படி எம்.எட். மாணவர்க்கு விடுதியில் தங்கினால் மாதம் 820 ரூபாய். வீட்டிலிருந்து சென்றுவரின் 530 ரூபாய். நாளைய ஆசிரியர்க்கு ஆசிரியராகப் போகின்றவர் இத்தொகையில் உண்டு, நூல் வாங்கிப் பயில வேண்டியிருந்தது.

காலத் தாழ்வின் கொடுமையை 2016 சனவரியில் நாடே கண்டது. உயிர் துறந்த ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர் ரோகித் வெமுலா, தமக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகை 1,75,000 ரூபாயைத் தம் குடும்பத்திற்குச் சேர்ப்பிக்குமாறு இறுதிக் கடிதத்தில் கேட்டிருந்தார்.

எதைப் படிப்பது என்பதிலும் தடை எழுந்தது. 2022இல் வெளியான வெளிநாட்டு உதவித்தொகை விதிகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகவியல் சார்ந்த ஆய்வுகளை விலக்கின. 1916இல் கொலம்பியாவில் இந்தியச் சாதிகளைப் பற்றி ஆய்வுரை படித்தவர் டாக்டர் அம்பேத்கர். அத்தகைய ஆய்வுக்கு இவ்விதிகளின்கீழ் இடமில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

நம் கடமை

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கொடையாக வந்தது, விண்ணப்பத்தால் மானியமாகி, போராட்டத்தால் உரிமையாயிற்று. உரிமையைக் காப்பதற்கும் அதே விழிப்பு வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவற்றுள் ஒன்று தாமதமானாலும் ஓராண்டுத் தொகை தடைப்படும். கல்லூரி கேட்கும் கட்டணத்திற்கும் அரசு தரும் பணத்திற்கும் இடைப்பட்ட சில மாதங்களில்தான் நம் பிள்ளைகள் பலர் படிப்பை விடுகின்றனர்.

அவ்விடைவெளியை நிரப்புவதே நம்மைப் போன்ற கல்விச் சங்கங்களுக்குரிய பணி. உதவித்தொகையால் உயர்ந்து ஆசிரியராகவும் அலுவலராகவும் விளங்குவோர், ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைச் சுழல்நிதியாக அளித்தால், அரசுப் பணம் வரும்வரை ஒரு மாணவியின் கட்டணத்தைக் கட்டலாம். வந்தபின் அது அடுத்தவருக்குப் பயன்படும். பெற்ற உதவிக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் இதுவேயாம்.