எண்ணிலிருந்து ஊர்ப்பெயர்: வரைபடச் செயலிகளுக்கு முந்தைய வரலாறு

கைப்பேசிச் செயலி ஒருவரின் இருப்பிடத்தை முதலில் அறிவது இரண்டு எண்களாகத்தான்: அட்சரேகை, தீர்க்கரேகை. 13.08, 80.27 என்ற இணையை அது ‘சென்னை’ என்று திரையில் காட்டுவதைக் கணக்கீடு என்று கருதுவது வழக்கம். உண்மையில் அங்கே கணக்கு குறைவு, தேடலே மிகுதி. அந்தப் புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறது, அதற்கு அருகிலுள்ள தெரு எது என்று ஏற்கெனவே தொகுக்கப்பட்ட ஒரு பட்டியலில் தேடப்படுகிறது. பட்டியலில் இல்லாத பெயர் திரையிலும் இராது. ஆகவே அந்தப் பட்டியலை யார், எப்படித் தொகுத்தார்கள் என்பது வரலாற்றுக் கேள்வியாகிறது.

இந்தியாவில் எண்ணும் பெயரும் ஒரே கவனத்துடன் சேகரிக்கப்படவில்லை. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளக் கோட்டை அளந்து முடிக்க மே மாதப் பிற்பகுதி ஆயிற்று. எஃகுச் சங்கிலி வெயிலில் நீள்வதற்குக்கூடத் திருத்தம் கணக்கிடப்பட்டது. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி 1808-இல் தஞ்சைக் கோயில் கோபுரத்தில் ஏற்றப்பட்டபோது மோதிச் சிதைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் அமர்ந்து தாமே அதைச் செப்பனிட்டார்.

ஊர்ப்பெயர்களுக்கு அத்தகைய கருவி ஏதும் இருக்கவில்லை. உள்ளூரார் சொன்னதைக் காதால் கேட்டு, தம் எழுத்துப் பழக்கத்துக்கேற்ப ரோமன் வடிவில் எழுதிக்கொள்வதே முறை. வணிகரும் படையினரும் முன்பே வழக்கில் விட்டிருந்த ‘டூட்டிகோரின்’, ‘டிரிச்சினாப்பொலி’ போன்ற வடிவங்களும் வரைபடத்தில் அப்படியே ஏறின. ஒரே ஊர் பலவாறு எழுதப்பட்ட குழப்பத்தைத் தீர்க்க வில்லியம் வில்சன் ஹண்டர் ஓர் ஒலிபெயர்ப்பு முறையை வகுத்தார்; 1881-இல் வெளியான ‘இம்பீரியல் கெசட்டியர்’ அதைப் பின்பற்றியது. கல்கத்தா, பம்பாய் போன்று நிலைபெற்றுவிட்ட வடிவங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. முறை நேர்த்தியானதே. ஆனால் நெடிலைக் காட்டும் குறிகள் அன்றாட எழுத்தில் உதிர்ந்துபோயின.

ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அது பெரிய இழப்பன்று. அதே ரோமன் வடிவத்திலிருந்து இயந்திரம் தமிழ்ப் பெயரை மீட்க முயலும்போதுதான் இழப்பின் அளவு தெரிகிறது. ‘ஆரணி’ என்பதன் வழக்கமான ரோமன் வடிவத்தில் நெடிலுக்கும் அடையாளமில்லை, ணகரத்துக்கும் அடையாளமில்லை. அதை அரணி, அரனி, ஆரனி, அராணி என எப்படியும் படிக்கலாம். ஆரணி என்று சரியாக அமைந்தால் அது தற்செயல். இந்தி, தெலுங்கு முதலிய மொழிகளின் தகர, டகர வேறுபாடும் இவ்வழியே மறைகிறது.

2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்து வடிவத்தை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. ரோமன் எழுத்துகளை மேலும் அடுக்கித் தமிழ் ஒலியைக் கொண்டுவர முயன்ற அந்த ஆணை சிக்கலைத் தவறான முனையில் பிடித்தது எனலாம். மூலத் தரவாகத் தமிழ் வடிவம் இருந்தால் ரோமன் வடிவம் எப்படியிருப்பினும் செயலிக்குக் கவலையில்லை. ஆண்ட்ராய்டின் ஜியோகோடர் மொழித் தேர்வை ஏற்கிறது. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் மொழிவாரியாகப் பெயர் பதியவும் இடமுண்டு. அந்த இடத்தை ஒருவர் நிரப்பியிருக்க வேண்டும், அவ்வளவே.

எழுத்துப் பிழையைவிடக் கடுமையானது பெயரே இல்லாமை. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் இருக்கும். வரி வசூலுக்காக எழுந்த பதிவேட்டுக்கு அவற்றின் பெயர்கள் முதன்மையானவை அல்ல. அந்தப் பதிவேட்டின் வழிவந்த எல்லைகளை வைத்துத் தேடும் செயலி, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரியில் நிற்பவருக்கும் ஊரின் பெயரையே காட்டும். ஆம்புலன்ஸை அழைப்பவர் சொல்லும் பெயர் ஒன்றாகவும், ஓட்டுநர் திரையில் காண்பது வேறாகவும் அமைவது இப்படித்தான். இந்திய அஞ்சல் துறை 2025-இல் வெளியிட்ட டிஜிபின், நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டர்க் கட்டங்களாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து, எண் கொண்ட குறியீட்டைத் தருகிறது. ஓட்டுநர் அந்த வாசலை அடைய அது உதவும். அங்குள்ளவர்கள் தம் குடியிருப்பை அழைக்கும் பெயர் அந்தப் பத்தில் இல்லை.