அமைச்சரை வீழ்த்திய அரிசி

1967 பொதுத்தேர்தலில் கோபிச்செட்டிப்பாளையம் நாடாளுமன்றத் தொகுதி வேட்பாளர்களின் தகுதிகளை மட்டும் தட்டில் வைத்து நிறுத்திருந்தால், வாக்குப்பதிவே வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். காங்கிரஸ் வேட்பாளர் சி.சுப்பிரமணியம், மத்திய உணவு, வேளாண்மை அமைச்சர். எதிரே தி.மு.க.வின் பி.ஏ.சாமிநாதன், மக்களவைக்குப் புதியவர்.

சி.எஸ். 1910-ல் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். வக்கீலுக்குப் படித்தார், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார், அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார். 1952 தொடங்கிப் பத்தாண்டு சென்னை மாகாண அமைச்சர். நிதியும் கல்வியும் அவர் பார்த்த துறைகள். நடுவே 1954-ல் ராஜாஜி விலகியபோது, சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார். எதிர்த்து நின்றவரையே காமராஜர் தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். (இன்றைக்கு எந்தக் கட்சியில் இது நடக்கும்?) 1962-ல் சொந்த மண்ணான பொள்ளாச்சியிலிருந்தே மக்களவைக்குப் போனார். முதலில் எஃகுத் துறை. 1964-ல் சாஸ்திரி உணவுத் துறையைக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டே இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. 1965 பிப்ரவரி 11 அன்று சி.எஸ்.ஸும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளை ராஜினாமா செய்தார்கள். மறுநாள் பொள்ளாச்சியில் ராணுவம் சுட்டது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன கணக்கும் ஊர் சொல்லும் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பிறகு ராஜினாமாக்கள் திரும்பப் பெறப்பட்டன. தொகுதியின் எம்.பி. மொழிக்காகப் பதவியைத் தூக்கி எறிந்தார் என்பது ஒரு நாள் செய்தி. அவர் கட்சி ஆட்சியில் சொந்த ஊர்க்காரர்கள் மேல் குண்டு பாய்ந்தது என்பதோ, ஊர் மறக்காத செய்தி.

அதோடு அரிசிப் பஞ்சம். 1965, 66 இரண்டு ஆண்டும் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் நாட்டில் ரேஷன் என்ற நிலை. சி.எஸ். அதற்கு வழியும் கண்டுபிடித்திருந்தார். இந்திய உணவுக் கழகம் அவர் காலத்தில் பிறந்தது. எதிர்ப்புகளைத் தாண்டி 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையை இறக்கினார். டெல்லியில் தன் பங்களாப் புல்வெளியையே உழுது கோதுமை விதைத்துக் காட்டினார். ஆனால் அது பஞ்சாபில் விளையப்போகும் கோதுமை. கோபியோ பவானி வாய்க்கால் பாயும் நெல் பூமி. அங்கே போய், “விதை வந்திருக்கிறது, பொறுத்திருங்கள்” என்று ஓட்டு கேட்க முடியுமா? தி.மு.க. மேடைகளில் முழங்கியது ஒரே வரி: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்.

சி.எஸ். தோற்றார். அவர் விட்டுவந்த பொள்ளாச்சியிலும் தி.மு.க.வின் நாராயணன் வென்றார். விருதுநகரில் காமராஜரே மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் வீழ்ந்த தேர்தல் அது. எல்லாம் அலை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. சி.எஸ். விஷயத்தில் எனக்கு அது போதவில்லை. மற்ற அமைச்சர்கள் அனுபவம் இருந்தும் தோற்றார்கள். இவரை எந்தத் துறையில் கெட்டிக்காரர் என்று ஊரே ஒப்புக்கொண்டதோ, அந்தத் துறையின் பெயரைச் சொல்லித்தான் தோற்கடித்தார்கள்.

1968-ல் கோதுமை விளைச்சல் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அரசு அதற்கென்று தபால்தலையே வெளியிட்டது. விதை கொண்டுவந்தவர் அப்போது மக்களவையிலேயே இல்லை.

1971-ல் கிருஷ்ணகிரியில் நின்று ஜெயித்து அவர் திரும்ப வந்தார். இம்முறை இந்திரா காங்கிரசும் தி.மு.க.வும் ஒரே கூட்டணி. கோபியில் அதே சாமிநாதன் மறுபடி வென்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்ற இருவரும் இப்போது ஒரே அணியின் எம்.பி.க்கள். அந்தக் கூட்டணி உருவான கதை அடுத்த வாரம்.