சுண்ணாம்பும் சிமெண்டும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் ஹூமாயூன் சமாதியைக் காணாதவர் சிலரே. ஊரிலிருந்து வரும் உறவினர்க்கு அதனைக் காட்டுவது நம் கடமைகளுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. செந்நிறக் கல்லும் வெண்பளிங்கும் இணைந்த அதன் எழிலைப் புகழ்வோர் பலர். அதன் கூரைமேல் நிகழ்ந்த வரலாற்றை அறிந்தோர் மிகச் சிலர்.

1556இல் பேரரசர் மறைந்தபின் அவர்தம் மனைவி பேகா பேகம் எழுப்பிய இக்கட்டடம் சுண்ணாம்புச் சாந்தினால் பிணைக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையிலிட்டால் அதிலுள்ள கரியமிலவாயு நீங்குகிறது. நீற்றிச் சாந்தாக்கிப் பூசியபின், அதே வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாக மீட்டுக்கொண்டு அது மீண்டும் கல்லின் தன்மையை அடைகிறது. இம்மாற்றம் மெல்ல நிகழ்வது. ஆதலின் சுவர் சற்றே அசைந்தாலும் சாந்து இடங்கொடுக்கும். உட்புகுந்த ஈரமும் அதன் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். வெல்லம், வில்வப்பழச் சதை, உளுந்து ஆகியவற்றை வடநாட்டுக் கொத்தர் சாந்திற் சேர்த்தனர். நம்மவர் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை வார்த்தனர். செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவர்களில் முட்டை வெண்கருவுக்கும் பங்குண்டு. சமையலறைக்கும் கொத்தனாருக்கும் இத்துணை உறவிருந்தது!

சிமெண்டின் இயல்பு வேறு. அது விரைவில் இறுகும். ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும். அதிலுள்ள உப்புகள் கல்லினுட் புகுந்து உலருங்கால் படிகங்களாகத் திரண்டு, கல்லின் மேற்பரப்பைச் செதில்செதிலாக உதிர்த்துவிடும். இருபதாம் நூற்றாண்டிற் பழுதுபார்த்தோர் இச்சமாதியின் கூரைமேல் சிமெண்டுக் காங்கிரீட்டை அடுக்கடுக்காக இட்டனர். அவர்களைப் பழிப்பதற்கில்லை, அக்காலத்தில் சிமெண்டு சர்வரோக நிவாரணியாகக் கருதப்பட்டது. பின்னர், ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையும் இணைந்து மேற்கொண்டு 2013இல் நிறைவேற்றிய திருத்தப் பணியில் கூரையினின்று அகற்றப்பட்ட காங்கிரீட்டின் எடை ஏறத்தாழ 10 லட்சம் கிலோ! மேடையின் தளத்திலும் இதே நிலைதான். காங்கிரீட்டின் அடியிற் புதைந்துகிடந்த பெருங்கற்களை, அவற்றுட் சில 1,000 கிலோவுக்கும் மேற்பட்டவை, கொத்தர்கள் மீண்டும் மட்டம் பார்த்துப் பதித்தனர்.

நம் ஊர்க் கோயிற் குடமுழுக்கிற்குப் பணம் அனுப்பும் அன்பர்கள், திருப்பணியில் இடுவது சுண்ணாம்பா, சிமெண்டா என ஒரு வரி எழுதிக் கேட்கலாம்.

மேற்றளத்துச் சிறு மண்டபங்களின் வண்ண ஓடுகள் குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தது. அவ்வித்தை இங்கு அருகிப்போயிருந்தமையால், உஸ்பெகிஸ்தானத்துக் கைவினைஞர்கள் வந்து நிஜாமுதீன் குடியிருப்பின் இளைஞர்களுக்குக் கற்பித்தனர். புத்தோடுகளின் மினுமினுப்புக் கண்ணை உறுத்துகிறது என்பார் உளர். எனக்கு அங்ஙனம் தோன்றவில்லை. ஓடு உதிர்ந்துபோன இடங்களிலேயே புதியன பதிக்கப்பட்டன. மெருகிழந்த பழைய ஓடுகள் எடுக்கப்படாமல் அவற்றினருகே அப்படியே விடப்பட்டுள்ளன.